சும்மா நிற்கும் வண்டி

ஆடி 4

மேற்கே தேனிப் பக்கமிருந்து காற்று. மதுரைப் பழங்காநத்தத்தில் மெக்கானிக் பாய் பட்டறையின் கூரைத் தகரம் விடிந்ததிலிருந்து படபடத்துக்கொண்டே இருக்கிறது. பத்து மணி வாக்கில் ஒரு குட்டியானை வந்து நின்றது. பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர், தாங்களே கட்டிய பாஹா வண்டியைப் பலகை போட்டு இறக்கினார்கள். இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டிய கூண்டு, அதற்குள் ஒரே ஓர் இருக்கை, நான்கு பருத்த சக்கரங்கள், ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் சின்னதாக ஓர் இஞ்சின். சேற்றிலும் பாறையிலும் விழுந்து எழுந்து ஓட வேண்டிய வண்டி.

"ஓட்டுனா நல்லா ஓடுதுங்கய்யா. காலை எடுத்தா ஸ்லோவுல நிக்க மாட்டேங்குது" என்றாள் இஞ்சினுக்குப் பொறுப்பான பெண்.

பாய் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கார்புரேட்டர் பக்கம் குனிந்து ஐடில் திருகின் தலையைப் பார்த்தார். திருப்புளி புதிதாகக் கீறிய பளபளப்பு அதில் தெரிந்தது.

"இதை எத்தனை சுத்து திருகுனீங்க தம்பி?"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரிடமும் கணக்கு இல்லை.

நான் பக்கத்தில் முக்காலியில் இருந்தேன். நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் பிட்டராக வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு என் காலைகள் பெரும்பாலும் இந்த முக்காலியில்தான் கழிகின்றன. பாய் செய்வதையும் சொல்வதையும் இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன்.

*

'நிற்பது' என்ற சொல்லைப் பட்டறையில் இரண்டு பொருளில் ஆள்கிறார்கள். வண்டி நின்னு போச்சு என்றால் இஞ்சின் அணைந்துவிட்டது. வண்டி ஸ்லோவுல நிக்குது என்றால், அணையவும் இல்லை, யாரையும் சுமந்து ஓடவும் இல்லை. தனக்குத் தேவையான அளவு மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறது. பிள்ளைகள் கொண்டுவந்த வண்டிக்கு அந்தச் சும்மா இருத்தல்தான் கைகூடவில்லை.

அவர்கள் செய்த வைத்தியம் எல்லோரும் செய்வதுதான். அணைகிறதே என்று ஐடில் திருகை உள்ளே ஏற்றியிருக்கிறார்கள். அந்தத் திருகு வேறொன்றும் செய்வதில்லை. காற்றுக் கதவு முழுதாக மூடாதபடி ஒரு முட்டுக் கொடுக்கிறது. கதவு கொஞ்சம் திறந்தே கிடப்பதால் இஞ்சின் அணையாமல் இரைகிறது. ஆனால் இந்த வண்டிக்குக் கிளட்ச் கிடையாது. வேகம் கூடினால் தானே கவ்விக்கொள்ளும் பெல்ட்தான் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகிறது. ஐடில் உயர்ந்ததும் அது அரைகுறையாகக் கவ்வி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக ஊர்ந்தது. பெல்ட் தேய்ந்து ரப்பர் கருகும் வாடை. பாய் முதல் வேலையாக அந்தத் திருகைப் பழைய இடத்துக்கு இறக்கினார். வண்டி உடனே அணைந்தது.

"இப்பத்தான் சீக்கு என்னன்னு அது சொல்லுது" என்றார்.

*

ஆடி 5

இந்த இஞ்சினைப் பற்றிப் பிள்ளைகள் சொன்னதைக் குறித்துக்கொள்கிறேன். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், ஒற்றை சிலிண்டர், 305 சிசி, 10 குதிரைத்திறன். பாஹா போட்டிக்கு வரும் அணிகளுக்கெல்லாம் ஒரே வகை இஞ்சின். உள்ளே கைவைத்து மாற்றக் கூடாது. நிமிடத்துக்கு 3800 சுற்றுக்கு மேல் போகாமல் கவர்னர் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் தென் கரோலினாவில் 1976இல் மாணவர்களுக்காகத் தொடங்கிய போட்டி; இந்தியாவில் 2007 முதல் நடக்கிறது, மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில். பெயர் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பாலைவனத்திலிருந்து வந்தது.

எல்லோருக்கும் ஒரே இஞ்சின் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. யார் அதை நன்றாகக் கேட்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்க முடியும்.

*

முழு வேகத்தில் பிசகில்லாமல் ஓடும் இஞ்சின், ஸ்லோவில் மட்டும் ஏன் சாகிறது? பாய் ஒரு பழைய கார்புரேட்டரை வெயிலுக்குப் பிடித்துக்காட்டி அந்தப் பெண்ணுக்குச் சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன்.

கார்புரேட்டருக்கு நடுவில் இடுங்கிய தொண்டை ஒன்று உண்டு. இடுக்கில் புகும் காற்று வேகமெடுக்கும். வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். பெர்னூலி 1738இல் எழுதி வைத்ததும், வென்சுரி 1797இல் குழாய்களில் செய்து காட்டியதும் இதைத்தான். அழுத்தம் குறைந்த தொண்டைக்குள் கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மெயின் ஜெட் வழியே ஏறித் தெளிக்கும். இஞ்சின் ஓடும்போது நடப்பது இது.

காலை எடுத்ததும் காற்றுக் கதவு மூடிக்கொள்கிறது. தொண்டையில் காற்று ஏறக்குறைய அசைவற்றுப் போகிறது. மெயின் ஜெட் வாய் மூடிவிடும். ஆனால் மூடிய கதவுக்கு அந்தப்புறம், இஞ்சின் பக்கம், பிஸ்டன் இழுக்கும் இழுப்பு முன்னைவிடக் கடுமையாக இருக்கும். கதவின் விளிம்பை ஒட்டி அங்கே ஓர் ஊசித்துளை. அதன் வழியாக, ஸ்லோ ஜெட் என்ற தனி ஜெட்டிலிருந்து, கொஞ்சம் காற்றோடு நுரைத்த பெட்ரோல் துளித்துளியாக வருகிறது. இஞ்சின் சும்மா இருக்கும் நேரமெல்லாம் அதற்குச் சாப்பாடு இந்த ஒரு வழியில்தான். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது. ஒரு மணல் துகள் போதும்.

ஆக, ஓடும்போது நல்லாயிருந்து நிற்கும்போது சாகும் வண்டி, நோய் எங்கே இருக்கிறது என்று தானே விரல் நீட்டிவிடுகிறது. மெயின் ஜெட்டைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

*

அடுத்த சோதனைக்குக் கருவியே தேவைப்படவில்லை. வண்டியைக் கிளப்பி, காலை லேசாக வைக்கச் சொன்னார். இஞ்சின் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பாடியது. தூங்குமூஞ்சித் தாத்தாவின் குறட்டைபோல ஒரு சுழற்சி. பாய் சோக்கைப் பாதி இழுத்தார். ஏற்ற இறக்கம் நின்று, சத்தம் ஒரே கோடாக நீண்டது. சோக்கை விட்டார். மறுபடி ஏறி இறங்கியது.

சோக் காற்றைக் குறைக்கிறது. காற்று குறைந்ததும் இஞ்சின் அமைதியாகிறது என்றால், அதற்குப் பெட்ரோல் பற்றவில்லை. பெட்ரோல் பற்றாமல் வேகம் சரியும்போது கவர்னர் பதறிக் கதவைத் திறக்கிறது, வேகம் ஏறுகிறது, கவர்னர் மூடுகிறது, மறுபடி சரிகிறது. பாவம், கவர்னர் தன் வேலையைச் செய்கிறது. பாதி சோக்கிலும் இந்த ஏற்ற இறக்கம் நின்றிருக்காவிட்டால் கவர்னர் ஸ்பிரிங்கையும் கம்பிகளையும் சந்தேகப்பட வேண்டும் என்றார் பாய். பிளக்கைக் கழற்றினார். பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நல்ல எரிப்பில் அது தேயிலை நிறத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கண்மைபோல் கரி பிடிக்கும்.

பெட்ரோல் பற்றாமல் போவதற்குக் காரணம் இரண்டு வகை. பெட்ரோல் வரும் வழி அடைத்திருக்கலாம். அல்லது கணக்கில் இல்லாத காற்று எங்கிருந்தோ உள்ளே வரலாம். முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதற்குப் போகக் கூடாது என்பது பாயின் முறை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. கார்புரேட்டரைக் கழற்றும்போதே கண் பாதி வேலையை முடித்துவிடும்.

*

ஆடி 6

கிண்ணத்தைக் கழற்றியதும் வந்தது பெட்ரோல் வாசனை இல்லை. பழைய வார்னிஷ் வாசனை. கோடை விடுமுறைக்குக் கல்லூரி மூடியபோது வண்டியை அப்படியே நிறுத்திப் போட்டுவிட்டார்கள். கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் இரண்டரை மாத மதுரை வெயிலில் ஆவியாகி, அடியில் வேப்பம்பிசின் நிறத்தில் படிந்திருந்தது. அதற்கும் கீழே, ஒரு மூலையில், மணி மணியாகத் தண்ணீர். தண்ணீர் உட்கார்ந்திருந்த இடத்தில் உலோகம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

தண்ணீர் எப்படி வந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். மழையே பெய்யவில்லையே.

காற்றிலிருந்துதான். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. நாடு முழுக்க 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டார்கள். 2030க்கென்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025இலேயே எட்டிவிட்டார்கள். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வரும் எரிபொருள்; வெளிநாட்டு எண்ணெய்க்குப் போகும் பணம் மிச்சம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அது உடனுக்குடன் எரிந்துவிடும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் கூடிக்கூடி, ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஸ்லோ ஜெட் பெட்ரோலை எடுப்பதும் அதே அடியிலிருந்துதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. அதாவது அதே காற்றுக்கு முன்னைவிடக் கூடுதல் எரிபொருள் தேவை. கணினி வைத்த இஞ்சின், புகைக்குழாயில் இருக்கும் சென்சாரைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கேட்கும் காது கிடையாது. பழைய பெட்ரோலுக்கென்று துளைத்த ஜெட் வழியே புதிய பெட்ரோல் போகும்போது கலவை கொஞ்சம் வறண்டுபோகிறது. வறட்சி முதலில் தெரிவது ஸ்லோவில். பட்டறைக்கு வரும் பழைய ஸ்பிளெண்டர், ஆர்எக்ஸ் 100 எல்லாவற்றுக்கும் இப்போது பாய் கால் சுற்று தாராளமாக வைக்கிறார். கலவை மாறியது தெரிந்து செய்ததில்லை. சத்தம் கேட்டுச் செய்தது.

*

ஜெட்டைச் சுத்தம் செய்ய பிள்ளைகளில் ஒருவன் ஊக்கை எடுத்தான். பாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

பித்தளை மிருதுவானது. எஃகு ஊசி உள்ளே போய் வந்தால் அடைப்பு போகும். கூடவே துளையின் அளவும் போகும். ஆலையில் அளந்து துளைத்த அளவு அது. அதன்பின் அந்த ஜெட்டின் மேல் பொறித்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பாய் செய்தது: மூடியுள்ள டப்பாவில் கிளீனர் ஊற்றி ஜெட்டை இரவு முழுக்க ஊறவைத்தார். காலையில் மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்றைப் போகவிட்டு எடுத்தார். பிறகு ஏர் அடித்தார். ஜெட்டை மட்டுமில்லை, அது உட்காரும் வழி, கதவருகே உள்ள ஊசித்துளைகள், காற்று கலக்கும் சிறு துளை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. ஒரு துளையில் அடித்த காற்று எந்தத் துளை வழியாக வெளியே வருகிறது என்று விரலை வைத்துப் பார்த்தார். கடைசியாக ஜெட்டை வானத்துக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணால் பார்க்கச் சொன்னார். நானும் வாங்கிப் பார்த்தேன். வட்டமாக ஒரு துளி வெளிச்சம். ஓரத்தில் பிசிறு இல்லை.

*

மில்லில் கதிர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சுற்றும். அந்த இரைச்சலில் ஒரு பேரிங் கெட்டால் தெரியுமா என்று வெளியாட்கள் கேட்பார்கள். தெரியும். இரைச்சல் ஒரு தரைபோல ஆகிவிடும்; கெட்ட பேரிங் அதில் ஒரு கல்லாக இடறும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் ஒத்து நின்றுவிட்டால் மேடையில் உள்ள அத்தனை பேருக்கும் கால் இடறும். ஐடில் எனக்கு அந்த ஒத்தாகத்தான் கேட்கிறது.

*

ஆடி 8

காற்றையும் எரிபொருளையும் கையால் சரிக்கட்டும் வேலை இந்த ஊருக்குப் பழையது. 1911இல் தொடங்கிய டிவிஎஸ்ஸின் ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, டி.வி. சுந்தரம் ஐயங்கார் டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்ற ஒன்றைச் செய்து வெளியிட்டார். கரியை மூட்டி, அதில் குறைந்த காற்றை விட்டு, எரியக்கூடிய வாயுவைப் பிடித்து இஞ்சினுக்கு அனுப்பும் ஏற்பாடு. அந்த வாயுவுக்குக் காற்று மிகக் குறைவாகவே வேண்டும். ஒரு பங்குக்கு ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும் அளவு. கரியின் ஈரத்தைப் பொறுத்து வாயுவின் குணம் மாறிக்கொண்டே இருக்கும். அப்படி ஓடிய வண்டிகளின் ஓட்டுநர்கள் காற்று வால்வைக் கையாலேயே அவ்வப்போது திருத்திக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. இஞ்சின் பசியைக் காதால் கேட்கத் தெரியாத ஆள் அதை ஓட்டியிருக்க முடியாது.

பாய்க்கு வேலை கற்றுக்கொடுத்த உஸ்தாத், அந்தத் தலைமுறைக்காரரிடம் வேலை கற்றவராம். பாய் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்.

*

ஆடி 9

ஜெட் சுத்தமானதும் வண்டி ஸ்லோவில் நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பாய் கைதட்டவில்லை. பத்து நிமிடம் ஓடட்டும் என்றார். இஞ்சின் சூடேறியதும் பழைய ஏற்ற இறக்கம் மெல்லத் திரும்பி வந்தது.

பச்சையில் நன்றாக இருந்து சூட்டில் கெடுகிறது. இப்போது இரண்டாவது காரணத்துக்குப் போகலாம். கணக்கில் இல்லாத காற்று.

ஒரு சிறு பிரஷை கெட்டியான ஆயிலில் தோய்த்து, கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டையைச் சுற்றிச் சிறுகச் சிறுகத் தடவினார். இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சூடான இஞ்சின்மேல் பெட்ரோல் தெளிப்பது கையையும் பட்டறையையும் கொளுத்திக்கொள்ளும் வேலை. யாரும் செய்ய வேண்டாம். மேல்மூலையில் பிரஷ் பட்டதும் ஏற்ற இறக்கம் சட்டென்று நின்றது. இரண்டு மூச்சு நேரம். ஆயில் உள்ளே இழுபட்டதும் மறுபடி தொடங்கியது.

கழற்றினால், பேக்கிங் அந்த மூலையில் கிழிந்திருந்தது. முன்பு எப்போதோ கழற்றி, புதியது போடாமல் பழையதையே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். காற்று வருகிறதே என்று இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். இறுக்கிய இறுக்கில் கட்டையே வளைந்துவிட்டது. பாய் கண்ணாடிப் பலகைமேல் எமரி பேப்பரை விரித்து, கட்டையை வைத்து, எட்டு வடிவத்தில் தேய்த்தார். முதலில் இரண்டு ஓரம் மட்டும் பளபளத்தது. நடுப்பகுதி கறுப்பாகவே இருந்தது. அரைமணி நேரத்தில் முழு முகமும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்தது. அந்தப் பெண் பாதிக்கு மேல் தானே தேய்த்தாள். "போதும் தாயி" என்று பாய் சொன்ன பிறகும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

மயிரிழை இடைவெளி. முழு வேகத்தில் இஞ்சின் குடிக்கும் காற்றில் அது கரைந்துபோகும், யாருக்கும் தெரியாது. ஸ்லோவில் மொத்தக் காற்றே கொஞ்சம்தான் என்பதால் அந்த மயிரிழை பெரும்பங்காகிவிடுகிறது. நான் நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையில் இருந்தவரை எனக்கு முழங்கால் வலி இருந்ததே தெரியாது.

*

ஆடி 10

திருகு வைப்பது. இதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். பாய் கடைசியாகச் செய்தார்.

திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு. வெளியே எடுக்க எடுக்கக் காற்று கூடிக் கலவை வறளும். ஆர்எக்ஸ் 100இல் அப்படி. கதவைத் தாண்டி இஞ்சின் பக்கம் இருந்தால் அது கலவைத் திருகு. வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். இந்த வண்டியில் அப்படி. இது தெரியாமல் திருகினால் மருந்தென்று நினைத்து நோயைக் கூட்டுவோம்.

திருகை உள்ளே மெல்ல விட்டு, அது உட்காரும் இடத்தில் நிறுத்தினார். இறுக்கவில்லை, ஊசிமுனை உடைந்து துளையில் மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. வண்டியைக் கிளப்பி நன்றாகச் சூடேறவிட்டார். பிறகு கால் சுற்று திருகி, கையை எடுத்துவிட்டு, நாலு மூச்சு காத்திருந்தார். இஞ்சினுக்குப் பதில் சொல்ல அவகாசம் வேண்டும். வேகம் ஏறியது. மறுபடி கால் சுற்று. இன்னும் ஏறியது. மறுபடி. இப்போது சத்தம் கனத்து, ஒன்றிரண்டு அடி தவறியது. பெட்ரோல் மிகுந்துவிட்டது. திரும்பி எதிர்ப்பக்கம் வந்தார், வேகம் சரிந்து இருமல் கேட்கும் இடம் வரை. இரண்டு ஓரமும் தெரிந்தபின் நடுவில் நிறுத்தி, பெட்ரோல் பக்கம் ஒரு இழை சாய்த்து வைத்தார். அதன் பிறகுதான் ஐடில் திருகைத் தொட்டு வேகத்தை 1750 சுற்றுக்குக் கொண்டுவந்தார். மீட்டரைப் பிள்ளைகள் பிடித்திருந்தார்கள். பாய் மீட்டரைப் பார்க்கவில்லை.

மூன்று சுற்றுக்கு மேல் வெளியே எடுத்தும் பற்றவில்லை என்றால் ஸ்லோ ஜெட் சிறியது அல்லது இன்னும் அடைப்பு இருக்கிறது. அரைச் சுற்றுக்குள்ளேயே மிகுந்துவிட்டால் ஜெட் பெரியது, இல்லையேல் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறியிருக்கிறது. திருகு ஒரு எல்லை வரைக்கும்தான் ஈடுகொடுக்கும்.

*

ஆடி 12

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே வறண்டு கிடக்கும் ஒரு கண்மாயில் ஓட்டிப் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். மலை ஒரு பக்கம் கரும்பாறையாக வெயிலில் கிடந்தது. கண்மாய் வண்டல் மாவுபோல் எழும்பி, ஆடிக் காற்றில் கிழக்கே ஓடியது. கரையேறி இறங்கி, பள்ளத்தில் துள்ளி, நன்றாகவே ஓடியது வண்டி. இருபது நிமிடத்தில் இருமி நின்றது.

பிள்ளைகள் கார்புரேட்டரைக் கழற்றப் போனார்கள். அந்தப் பெண் மட்டும் டேங்க் மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. வண்டி உடனே கிளம்பியது. கவிழ்ந்தாலும் பெட்ரோல் சிந்தாமலிருக்க மூடியில் ஒருவழி வால்வு வைத்திருக்கிறார்கள். அது தூசியால் அடைத்திருந்தது. காற்று உள்ளே வராமல் பெட்ரோல் வெளியே போகாது. திறந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வடிகட்டியைத் தட்டியபோது உள்ளங்கை நிறையச் செம்மண். இந்தச் சமவெளியில் ஆடி, ஆவணி இரண்டு மாதமும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒருமுறை நுரைவடிகட்டியைக் கழுவி, ஆயில் தடவிப் பிழிந்து போட வேண்டும். அடைத்த வடிகட்டி சோக் இழுத்ததுபோல் வேலை செய்யும்; அதை வைத்துக்கொண்டு திருகு வைத்தால் எல்லாம் பொய்க்கணக்கு.

*

ஆடி 15

பீதம்பூரில் இதே திருகு ஒத்துவருமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். போட்டி தை மாத வாக்கில். ஊர் மதுரையைவிட நானூறு, ஐந்நூறு மீட்டர் உயரம். உயரத்தால் காற்றின் அடர்த்தி இருபதில் ஒரு பங்கு குறையும். ஆனால் அங்கே அதிகாலை 10 டிகிரிக்கு இறங்கும். இங்கே திருகு வைத்தது 35 டிகிரியில். குளிரால் காற்றின் அடர்த்தி பதினொன்றில் ஒரு பங்கு கூடும். ஒன்று இங்கிட்டு இழுக்க, இன்னொன்று அங்கிட்டு இழுக்கிறது. காலையில் குளிர் ஜெயிக்கும். குளிர்ந்த பெட்ரோல் சரியாக ஆவியாகவும் செய்யாது. ஆகவே விடியலில் வண்டி வறண்டு இருமும். மதியம் வெயிலேறியதும் அதே திருகில் கனக்கும். நான்கு மணி நேர ஓட்டப் போட்டி எந்த வேளையில் தொடங்குகிறதோ அந்த வேளைக் காற்றில் திருகு வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பாய் கொடைக்கானலை வைத்துச் சொன்னார். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பழைய பைக்குகள் பாதி மலையில் கரும்புகை கக்கும். மேலே, ஏழாயிரம் அடியில், காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வண்டியைக் குறை சொல்லி அங்கே திருகு மாற்றுவார்கள். திரும்பி மதுரைக்கு இறங்கியதும் ஸ்லோவில் நிற்காது. பாயிடம் கொண்டுவருவார்கள்.

*

ஆடி 17

2020 ஏப்ரல் 1இல் பிஎஸ் 6 விதி வந்ததோடு புதிய இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பாஹா போட்டியிலேயே மின்சார வண்டிகளுக்குத் தனிப் பிரிவு வந்து சில வருடங்கள் ஆகின்றன. மோட்டார் நிற்கும்போது முழுமையாக நிற்கிறது. அதற்கு ஐடில் என்ற நிலையே கிடையாது. நல்லதுதான். புகை குறையும், பெட்ரோல் மிச்சமாகும். பாயின் இரண்டு பையன்களும் ஸ்கேனர் வைத்து வேலை பார்க்கும் இடங்களுக்குப் போய்விட்டார்கள், நல்ல சம்பளம்.

ஆனால் இஞ்சினுக்குப் பசியா, திகட்டலா என்று காதால் பிரித்துச் சொல்லும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள, கடந்த நாலைந்து வருடத்தில் இந்தப் பட்டறைக்கு வந்தவர்கள் இந்தப் பிள்ளைகள் மட்டும்தான். போட்டி விதி அவர்களை ஒரு கார்புரேட்டரோடு கட்டிப்போட்டிருப்பதால் வந்தார்கள். அந்த விதி இன்னும் சில காலம் இருக்கட்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

*

ஆடி 19

பட்டறையின் தெற்குச் சுவரில் வெள்ளையடிக்காத ஓர் ஆள் அகலம் உண்டு. பாய் அங்கே பென்சிலால் வண்டி எண்ணும் திருகுக் கணக்கும் எழுதி வைப்பார். யெஸ்டி, ராஜ்தூத், லூனா, ஆர்எக்ஸ் 100, ஆட்டோக்கள். பாதி அழிந்துவிட்டன. சில வண்டிகள் இப்போது உலகத்திலேயே இருக்காது. ஒன்றே கால், இரண்டு, ஒன்றரை என்று கணக்கு மட்டும் நிற்கிறது.

வண்டியைக் குட்டியானையில் ஏற்றுவதற்கு முன் கிண்ணத்திலிருந்த பெட்ரோலை வடித்துவிடச் சொன்னார் பாய். அந்தப் பெண் அதற்குள் வடித்திருந்தாள். பிறகு பென்சிலை வாங்கி, சுவரில் கீழே மிச்சமிருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து அவளே எழுதினாள்: பாஹா, 305 சிசி, ஆடி 10, 35 டிகிரி, ஒன்றே முக்கால் சுற்று.